சொல்வதும் கேட்பதும்: மலையில் பொறுப்பாக நிற்பவர்களுக்கு

தோட்டத்தில் ஒரு நாள் வேலை எப்படி நடக்கப் போகிறது என்பது பிரட்டுக்களத்திலேயே பாதி தெரிந்துவிடும். எந்த மலைக்கு யார் போவது, கொழுந்துக்கு எத்தனை பேர், கவ்வாத்துக்கு எத்தனை பேர், உரத்துக்கு யார் என்று அங்கே சொல்லப்படும் நாலு வார்த்தையை வைத்துத்தான் அன்றைக்கு அத்தனை பேருடைய கைகளும் ஓடுகின்றன. அந்த நாலு வார்த்தை தெளிவாகவும் மரியாதையாகவும் இருந்தால் வேலை தானாக நடக்கும். இல்லாவிட்டால் மலைக்குப் போன பிறகும் "யாரு என்ன சொன்னாங்க?" என்ற குழப்பமும், மனதில் ஒரு கசப்பும் கூடவே போகும்.

தலைமைத்துவம் என்ற சொல்லைக் கேட்டதும் நாம் துரையை நினைக்கிறோம், தொழிற்சங்கத் தலைவரை நினைக்கிறோம். முகாமைத்துவம் என்றால் கொழும்பில் பெரிய மண்டபத்தில் நடக்கும் வகுப்பு என்று நினைக்கிறோம். ஆனால் இருபது பேருக்கு முன்னால் நிற்கிற கங்காணியும் ஒரு முகாமையாளர்தான். கணக்கப்பிள்ளை, வெளிக்கள உத்தியோகத்தர், ஸ்டோரில் வேலை பார்க்க வைப்பவர், பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளர், தோட்டத் தலைவர், மாதர் சங்கத் தலைவி ஆகிய எல்லோரும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். சாதாரண தரம் வரை படித்த நம்முடைய லயத்துப் பிள்ளைகளும் இப்போது இந்தப் பொறுப்புகளுக்கு வருகிறார்கள். சில தோட்டங்களில் பெண்களும் கங்காணி வேலை பார்க்கிறார்கள். ஆகவே இது ஒரு சிலருக்கான விஷயம் அல்ல. ஒவ்வொரு குடும்பத்திலும் யாராவது ஒருவருக்கு இன்றோ நாளையோ தேவைப்படும் விஷயம்.

நாங்கள் இங்கே சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்றுதான். தோட்டத்தில் சொல் மேலிருந்து கீழே வேகமாக வந்து சேர்கிறது. கீழிருந்து மேலே போவதுதான் கஷ்டம். அது போகாமல் இருப்பதற்குப் பெரிய காரணம் பயம். ஏசினால் வேலை வேகமாக நடக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஏச்சு முதலில் மூடுவது ஆளுடைய வாயை. வாய் மூடிக்கொண்டால் குளவிக்கூடு இருக்கும் இடமும், லயத்துக்குப் பின்னால் விழுந்திருக்கும் வெடிப்பும் சொல்லப்படாமலே போகும்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது?

கங்காணி என்றால் கண்காணிப்பவர் என்று பொருள். கோப்பிக் காலத்திலும், பிறகு தேயிலைக் காலத்திலும் தென்னிந்தியக் கிராமங்களில் ஆள் திரட்டிக் கூட்டிக்கொண்டு வந்தவர் பெரிய கங்காணி. வழிச்செலவு, அரிசி, துணி என்று அவர் கொடுத்ததெல்லாம் கடனாக எழுதப்பட்டது. கடன் தீராமல் துண்டு கிடைக்காது. துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. அவருடைய ஆட்கள் வேலைக்கு இறங்கிய கணக்கைப் பார்த்துத் தலைக்காசும் அவருக்குக் கிடைத்தது. துண்டு முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் பெரிய கங்காணி சத்தம் போட்டால் ஆள் ஓடியது. ஓடியது சத்தத்துக்காக அல்ல. அவர் கையில் இருந்த கடன் கணக்குக்காக. இன்று அந்தக் கணக்கு இல்லை. துண்டும் இல்லை. ஆனால் அந்தக் குரல் மட்டும் சிலரிடம் அப்படியே தங்கிவிட்டது. அப்பாவிடமிருந்து மகனுக்கும், பழைய கங்காணியிடமிருந்து புதிய கங்காணிக்கும் வந்துகொண்டே இருக்கிறது.

மலைநாட்டு மக்களின் பாடல்களைச் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்து வைத்திருக்கிறார். கங்காணியைப் பற்றிய பாட்டுகளும் அவற்றில் உண்டு. நேரில் சொல்ல முடியாததை மக்கள் பாட்டாகப் பாடினார்கள். மனதில் இருப்பதை நேராகச் சொல்ல வழி இல்லாவிட்டால் அது வேறு வழியில் வெளியே வரும் என்பதற்கு இதுவே சாட்சி. அன்று பாட்டாக வந்தது. இன்று வேலைக்கு வராமல் நின்றுவிடுவதாகவோ, பிள்ளைகள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விடுவதாகவோ வருகிறது.

காரணத்தோடு சொல்லுங்கள்

"கொழுந்த ஒழுங்கா எடு" என்பது ஒரு கட்டளை. ஒழுங்கு என்றால் என்ன என்று அதில் இல்லை. "இரண்டு இலையும் மொட்டுமா எடுங்க, முத்தின இலை வேணாம். முத்தின இலை சரியா வாடாது, ரோதையில போட்டா சரியாச் சுருளாது, தூளில நாராத்தான் நிக்கும், நம்ம தோட்டத் தூளுக்கு ஏலத்தில விலை இறங்கிரும்" என்று சொன்னால் அதில் காரணம் இருக்கிறது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரை கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். இந்தக் கணக்கை ஒரு தரம் சொல்லிவிட்டால், கூடையில் போகும் ஒவ்வொரு பிடியும் எங்கே போய்ச் சேர்கிறது என்று எடுப்பவருக்குப் புரியும்.

அதேபோல்தான் "சாக்கில அமுக்காத" என்பதும். ஏன் அமுக்கக் கூடாது? அமுக்கிய கொழுந்து நசுங்கிச் சூடேறும். ஸ்டோருக்குப் போவதற்கு முன்பே சிவந்துபோகும். இதைத் தெரிந்தவர், கங்காணி திரும்பிப் பார்க்காத நேரத்திலும் அமுக்க மாட்டார். காரணம் தெரியாதவர் கங்காணி பார்க்கும்போது மட்டும் அமுக்காமல் இருப்பார். இதுதான் வித்தியாசம்.

காரணம் சொல்லாததால் வரும் கெடுதலை நாம் 2021ஆம் ஆண்டில் நன்றாகவே பார்த்தோம். அந்த வருஷம் மார்ச் மாதத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. அதோடு பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோ அளவும் கூடியது. மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்கு அரசாங்கம் தடை போட்டது. நவம்பரில்தான் தடையைத் தளர்த்தினார்கள். உரம் இல்லாத செடி எப்படித் தளிர்க்கும்? ஒரு பக்கம் கிலோவைக் கூட்டினார்கள், மறு பக்கம் மலையில் கொழுந்து குறைந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று ஆட்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கங்காணி.

அப்படியான நேரத்தில் "கை ஓடல, சோம்பேறியாயிட்டீங்க" என்று பேசினால், இருபது வருஷம் கொழுந்து எடுத்த ஒரு அக்காவின் மனம் என்ன பாடுபடும்? "செடியில இல்லன்னு எனக்கும் தெரியுங்கக்கா. இன்னைக்கு எத்தன கிலோ வருதுன்னு எழுதி ஐயாகிட்ட காட்டுறேன்" என்று சொல்பவரும் அதே கங்காணிதான். முதல் வார்த்தை ஆளைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது வார்த்தை ஆளைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறது. இரண்டுக்கும் ஆகிற நேரம் ஒன்றுதான்.

சொன்னது போய்ச் சேர்ந்ததா?

"நான் சொல்லிட்டேன்" என்று பல பொறுப்பாளர்கள் சொல்வதைக் கேட்கிறோம். சொல்லியாயிற்று என்பது வேறு, போய்ச் சேர்ந்தது என்பது வேறு. காற்றும் மழையும் அடிக்கிற மலையில், நூறு அடி தள்ளி நிற்பவருக்குப் பாதி வார்த்தைதான் கேட்கும். அவர் மீதிப் பாதியைத் தாமே நிரப்பிக்கொள்வார்.

கொழுந்தில் தவறு வந்தால் சில கிலோ போகும். மருந்தடிக்கிற வேலையில் தவறு வந்தால் உடம்பு போகும். எந்த மலையில் அடிப்பது, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு மருந்து, முகத்துக்கும் கைக்கும் என்ன போட வேண்டும், அடித்த மலைக்குக் கொழுந்து எடுக்க ஆள் எப்போது போகலாம் என்ற நாலையும் சொல்லிவிட்டு, "சரி தம்பி, இப்ப நான் சொன்னத நீங்க ஒரு தரம் சொல்லுங்க" என்று கேளுங்கள். இது பரீட்சை அல்ல. அவர் தவறாகச் சொன்னால் அவரை ஏசக் கூடாது. "நான் சொன்னதுல தெளிவு பத்தல போல" என்று மறுபடியும் சொல்ல வேண்டும். இப்படிச் செய்தால் அரை நிமிஷம் போகும். செய்யாவிட்டால் சில வேளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வரும்.

அறிவித்தல்களும் இப்படித்தான். ஒப்பீஸ் சுவரில் ஒரு கடதாசியை ஒட்டிவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. கையடக்கத் தொலைபேசியில் ஒரு செய்தி அனுப்பினால் அது இளம் பிள்ளைகளுக்குப் போகும். பணிய லயத்தில் இருக்கிற வயதான அம்மாயிக்கு யார் வாசித்துக் காட்டுவது? அந்தச் செய்தி தமிழில் இல்லாவிட்டால் இன்னும் சிக்கல்.

1931ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளருக்கென்று தொழிற்சங்கம் அமைத்தவர் கோ. நடேசய்யர். அவரும் அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையும் ஆட்களைக் கூட்டிப் பேசிய காலத்தில், வாசிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். மீனாட்சி அம்மை தொழிலாளரின் கஷ்டங்களையும் உரிமைகளையும் பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். காகிதம் நுழையாத லயத்துக்குள் பாட்டு நுழைந்தது. கேட்பவர் எந்த வழியில் எடுத்துக்கொள்வாரோ அந்த வழியில் சொல்ல வேண்டும் என்பதை அந்த அம்மையார் அன்றே செய்து காட்டினார். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்று நம் பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான்.

பாராட்டு எல்லார் முன்னாலும், கண்டிப்பு தனியாகவும்

கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களை மேய்ப்பவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். மலையில் கங்காணியாக நிற்பவர் லயத்தில் மாமாவாகவோ, சித்தப்பாவாகவோ, பக்கத்து வீட்டு அண்ணனாகவோ இருப்பார். கோயில் திருவிழாவில் "வாங்க தங்கச்சி" என்று கூப்பிடுகிறவர், மலையில் "ஏய், வாடி" என்று கூப்பிட்டால் அந்தப் பெண் எந்த முகத்தை நம்புவாள்? அக்காவை அக்கா என்றும், தங்கச்சியைத் தங்கச்சி என்றும், பேரைச் சொல்ல வேண்டிய இடத்தில் பேரைச் சொல்லியும் கூப்பிடுவதால் பொறுப்பாளரின் மதிப்பு ஒரு இம்மியும் குறையாது.

பிந்தி வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் நிற்கிற இடத்தில் "மகாராணி இப்பத்தான் வாராங்க, பேர வெட்டு!" என்று கத்துவது ஒரு முறை. கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டு, "என்னக்கா, ரெண்டு நாளாப் பிந்துறீங்க? வீட்டில ஏதும் பிரச்சினையா?" என்று கேட்பது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் கேட்டால்தான் உண்மை வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தெரியவரும். பிள்ளைக்காம்பரா திறக்கப் பிந்துகிறது என்று தெரியவரும். பிள்ளைக்காம்பரா பிந்துகிறது என்றால் அது ஒரு அக்காவின் பிரச்சினை இல்லை. பிள்ளை வைத்திருக்கிற அத்தனை பேருடைய பிரச்சினை. அதைத் திருத்தினால் எல்லோரும் நேரத்துக்கு வருவார்கள். முதல் முறையில் பேசியவருக்கு இது கடைசி வரை தெரியவே தெரியாது.

கர்ப்பமாக இருக்கும் தங்கச்சி ஒருத்தி, கிண்டலுக்குப் பயந்து மூன்று நாலு மாதம் சொல்லாமலே செங்குத்தான மலையில் பாரம் சுமக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் சொல்லாதது அவளுடைய குற்றமா? சொல்லக்கூடிய ஆளாக யாரும் அங்கே இல்லாததுதான் குற்றம்.

கண்டிக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வேலையில் பிழை இருந்தால் சொல்லத்தான் வேண்டும். பிழையைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள். "இந்த நிரையில முத்தின இலை நிறைய நிக்குது, திரும்ப ஒரு தரம் பாருங்க" என்றால் அது வேலையைப் பற்றிய பேச்சு. "உங்க குடும்பமே இப்படித்தான்" என்றால் அது சண்டை. மேலே இருப்பவர் கணக்கப்பிள்ளையை ஏசுகிறார், கணக்கப்பிள்ளை கங்காணியை ஏசுகிறார், கங்காணி கொழுந்தெடுக்கும் அம்மாவை ஏசுகிறார், அந்த அம்மா பின்னேரம் வீட்டுக்கு வந்து பிள்ளையை அடிக்கிறாள். காலையில் ஒப்பீஸில் விழுந்த ஏச்சு இரவில் லயக்காம்பராவில் பிள்ளையின் முதுகில் முடிகிறது. நடுவில் யாராவது ஒருவர் அதை நிறுத்த வேண்டும். அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.

தராசடியில்

கொழுந்து மடுவத்தில் வரும் சச்சரவுகளில் அநேகமானவை கிலோவைப் பற்றியவை. சாக்குக்கும் கூடைக்கும் கழிவு, மழைத் தண்ணீருக்குக் கழிவு, முத்தின இலைக்குக் கழிவு என்று வெட்டும்போது, எவ்வளவு வெட்டினார்கள், எதற்கு வெட்டினார்கள் என்பது வேலை செய்தவருக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் வெட்டிய ஒரு கிலோ, தெரிந்து வெட்டிய மூன்று கிலோவை விடப் பெரிய கோபத்தைக் கிளப்பும்.

தராசின் முகம் ஆள் பக்கம் திரும்பி இருக்கட்டும். எண்ணைச் சத்தமாகச் சொல்லுங்கள். "இருபத்திரெண்டு. தண்ணிக்கு ஒண்ணு கழியுது. இருபத்தொண்ணு எழுதுறேன், பாத்துக்கங்க." இவ்வளவுதான். மூன்று நேர நிறுவையிலும் இப்படிச் சொல்லி, கார்டிலும் எழுதிவிட்டால், சம்பள நாளில் ஒப்பீஸ் வாசலில் நிற்கிற வரிசை பாதியாகக் குறையும். காய்ந்த நாளில் தண்ணீருக்குக் கழிக்க நியாயம் இல்லை. அதை ஒருவர் கேட்டால், கேட்டதற்காக அவர் மேல் கோபப்படக் கூடாது. கணக்குக் கேட்பது சண்டைக்கு வருவது ஆகாது. அரைப்பேர் போட வேண்டி வந்தாலும் அதே நாளில், அதே இடத்தில், காரணத்தோடு சொல்லிவிட வேண்டும். மாதக் கடைசியில் சம்பளத் துண்டைப் பார்த்து ஒருவர் தெரிந்துகொள்வது மிகவும் கேவலமான முறை.

கீழிருந்து மேலே போக வேண்டிய செய்தி

இனி மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மலையை முதலில் பார்ப்பது யார்? துரையும் இல்லை, வெளிக்கள உத்தியோகத்தரும் இல்லை. நிரை பிடித்து முதலில் உள்ளே நுழைகிற பெண்தான். நிழல் மரத்தில் குளவி போய் வருவதையும், பாலத்தில் பலகை உக்கிப் போயிருப்பதையும், கானில் தண்ணீர் திசை மாறி ஓடுவதையும் அவள் கண்தான் முதலில் பார்க்கிறது. அவள் சொன்னால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் போன மாதம் அவள் ஒன்றைச் சொன்னபோது, "வேல செய்யாம இருக்க ஒரு சாட்டு" என்று யாராவது பேசியிருந்தால், இந்த மாதம் அவள் பேசாமல் இருந்துவிடுவாள். குளவி கொட்டி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போவது மலைநாட்டில் அடிக்கடி நடக்கிறது. உயிர்களும் போயிருக்கின்றன. கூடு இருப்பது ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தால், தெரிந்தவர் வாய் திறந்திருந்தால், எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள். கூட்டைக் கண்டு சொன்னவருக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லுங்கள். அந்த மரத்தைச் சுற்றி ஒரு அடையாளம் கட்டி, அந்த நிரைகளை அன்றைக்கு விட்டுவிடுங்கள். அன்றைக்குப் போகிற சில கிலோவை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.

மண்சரிவும் இப்படித்தான். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது. ஆனால் மக்கள் அந்த லயங்களில்தான் இருந்தார்கள். போய்க் குடியிருக்க அவர்களுக்கு வேறு வீடு கொடுக்கப்பட்டிருக்கவில்லை. ஒரு எச்சரிக்கை கடிதமாக மட்டும் இருந்தால் அது யாரையும் காப்பாற்றாது. அது லயத்து வாசல் வரை வர வேண்டும். "எங்க போறது?" என்று மக்கள் கேட்கிற கேள்வி திரும்பவும் மேலே போக வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் வீடாகவோ இடமாகவோ வர வேண்டும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் பலன் இல்லை. 2025ஆம் ஆண்டு நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையிலும் மலைநாட்டின் பல பகுதிகளில் மண் சரிந்து பெருந்தொகையானோர் உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது.

தோட்டங்களில் மழையை அளந்து எழுதும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. அந்த எண் ஒப்பீஸ் புத்தகத்தோடு நின்றுவிடக் கூடாது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்து, மேலும் தொடர்ந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் ஆபத்தான இடத்தில் இருப்பவர்கள் வெளியேறிவிட வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுவது இந்த அளவுகளை வைத்துத்தான். மழை நாட்களில் பிரட்டுக்களத்தில் வேலை சொல்வதற்கு முன்பு, "நேத்து ராத்திரி இத்தன மில்லிமீற்றர் பெஞ்சிருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதோடு "லயத்துப் பக்கம் யாரும் ஏதும் பாத்தீங்களா?" என்று ஒரு கேள்வியும் கேளுங்கள். நிலத்திலும் சுவரிலும் புது வெடிப்பு, சாய்ந்துபோன மரம் அல்லது கம்பம், திடீரென்று இறுகித் திறக்க மறுக்கிற கதவு, கலங்கிச் சேறாக வருகிற ஊற்று, புதிதாகக் கிளம்பிய ஊற்று ஆகியவை மண் நகர்கிறது என்பதற்கான அறிகுறிகள். இவற்றை முதலில் பார்ப்பவர்கள் வீட்டில் இருக்கும் வயதானவர்களும் பிள்ளைகளுமே. ஒரு பிள்ளை வந்து சொன்னாலும் போய்ப் பாருங்கள்.

போய்ப் பார்த்தபின் ஒன்றும் இல்லை என்று தெரிந்தாலும், சொன்னவரைக் கேலி செய்யாதீர்கள். பத்து தரம் வீணாக நடந்தாலும் பரவாயில்லை. பதினோராவது தரம் அவர் சொல்லாமல் விட்டால் அதற்கு ஈடு செய்ய யாராலும் முடியாது.

பதில் கொண்டு வாருங்கள்

"ஐயாகிட்ட சொல்றேன்" என்ற வாக்கு தோட்டத்தில் தினமும் கொடுக்கப்படுகிறது. சொன்னாரா, ஐயா என்ன சொன்னார் என்பது திரும்பி வருவதில்லை. கூரைத் தகரம் ஒழுகுகிறது, தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கிறது, கழிவறைக் குழி நிரம்பிவிட்டது என்று சொன்னவர்கள் ஒரு பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். "இந்த மாசம் முடியாதுன்னு சொல்லிட்டாங்க, அடுத்த மாசம் திரும்பவும் கேக்கிறேன்" என்பதும் ஒரு பதில்தான். முடியாது என்ற பதிலை மக்கள் தாங்கிக்கொள்வார்கள். பதிலே இல்லாததைத்தான் தாங்கிக்கொள்ள முடியாது.

இதற்கு ஒரு சின்ன கொப்பிப் புத்தகம் போதும். யார் சொன்னார்கள், என்ன சொன்னார்கள், எந்தத் திகதி, யாரிடம் கொண்டுபோனேன், என்ன பதில் என்று ஐந்து கோடு போட்டு எழுதுங்கள். கிழமைக்கு ஒரு தரம் அதைப் புரட்டிப் பாருங்கள். பதில் கோடு வெறுமையாக இருக்கிற ஒவ்வொரு வரியும் ஒரு குடும்பம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை

பொறுப்பாளர்களுக்கு மட்டும் புத்தி சொல்லி முடித்துவிடுவது நியாயம் ஆகாது. நாம் ஒரு விஷயத்தைச் சொல்லும்போதும் அதற்கு ஒரு முறை உண்டு. "லயம் எல்லாம் நாசமாப் போச்சு, யாரு பாக்கிறாங்க?" என்றால் கேட்பவருக்கு எதைச் செய்வது என்று தெரியாது. "மேட்டு லயத்தில கடைசிக் காம்பரா, பின் சுவர், முந்தநாள் மழைக்குப் பிறகு விரல் நுழையிற அளவுக்கு வெடிச்சிருக்கு" என்று சொன்னால் அவர் அப்படியே மேலே சொல்லலாம். எங்கே, என்ன, எப்போதிருந்து, எவ்வளவு என்ற நாலும் இருந்தால் செய்தி வழியில் உருமாறாது.

கோபம் ஆறாமல் ஒரு கூட்டமாகப் போய்க் கத்துவதை விட, இரண்டு பேர் போய் நிதானமாகச் சொல்லி, பதில் எப்போது கிடைக்கும் என்று திகதி கேட்டு வருவது மேல். கங்காணி கேட்கவில்லை என்றால் கணக்கப்பிள்ளை இருக்கிறார், தோட்டத் தலைவர் இருக்கிறார், மாதர் சங்கம் இருக்கிறது, நலன்புரி உத்தியோகத்தர்களாகிய நாங்களும் இருக்கிறோம். குளவிக்கூடு, மண் வெடிப்பு, மின்சாரக் கம்பி போன்ற உயிர் ஆபத்தான விஷயங்களுக்கு இந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். முதலில் கண்ணில் படுகிற பொறுப்பாளரிடம் சொல்லி, பக்கத்தில் இருப்பவர்களையும் விலக்கிவிடுங்கள்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து

இவ்வளவையும் ஒரே நாளில் யாராலும் செய்ய முடியாது. பொறுப்பில் இருப்பவர்கள் அடுத்த திங்கட்கிழமை பிரட்டில் மூன்று காரியத்தை மட்டும் செய்து பாருங்கள். வேலையைச் சொல்லும்போது ஒரு காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். "நேத்து யாரும் ஏதும் பாத்தீங்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். போன கிழமை கேட்ட ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஐந்து நிமிஷம் போதும்.

முதல் நாள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இரண்டாம் நாளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். விடாமல் கேளுங்கள். ஒரு கிழமை கழித்து, பின்வரிசையில் படங்கைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஒரு அக்கா, "ஐயா, அந்த மேல் மலையில ஒரு விஷயம் பாத்தேன்" என்று தயங்கித் தயங்கிச் சொல்வார். அப்போது செய்கிற வேலையை நிறுத்திவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.